மயாகுவேஸ்: நான்கு பெயர்களில் வாழ்ந்த ஒரு போர்க்காலச் சரக்குக் கப்பல்

கேள்வி இது: 1975 மே மாதம் கம்போடியாவில் அப்போதுதான் ஆட்சியைப் பிடித்திருந்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் படையினர் பிடித்து, அமெரிக்கா படை அனுப்பி மீட்ட ‘மயாகுவேஸ்’ கப்பலைச் சிலர் இரண்டாம் உலகப்போரில் கட்டியது என்கிறார்கள், சிலர் கன்டெய்னர் கப்பல் என்கிறார்கள். போர்க்காலத்தில் கன்டெய்னர் கப்பலே கிடையாதே, எது சரி? முப்பது வயதுக் கப்பல் அந்த நேரத்தில் அந்தக் கடலில் என்ன செய்துகொண்டிருந்தது? பிறகு அது என்ன ஆனது?

இரண்டுமே சரிதான். 1944-ல் ‘ஒயிட் ஃபால்கன்’ என்ற பெயரில் சாதாரணச் சரக்குக் கப்பலாக இறங்கியது. போருக்குப் பின் ‘சாண்டா எலியானா’ ஆனது. 1960-ல் அதை வெட்டி, நீட்டி, அகலப்படுத்தி கன்டெய்னர் கப்பலாக்கினார்கள். 1964-ல் கைமாறி ‘சீ’ ஆனது, மறுவருடமே ‘மயாகுவேஸ்’. 1975 மே மாதத்து நான்கு நாள் சம்பவத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய முப்பது வருடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், இந்தக் கப்பலின் வாழ்க்கையில் துப்பாக்கி தீர்மானித்தது கொஞ்சம்தான். ஒவ்வொரு முறையும் அதன் தலையெழுத்தை மாற்றியது துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்க ஆன செலவு. கம்போடியக் கடலுக்கு அதைக் கொண்டுபோய்விட்டதும் சுற்றி வளைத்துப் பார்த்தால் அதுதான்.

முதலில் பிறந்த இடம். வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டனில், கேப் ஃபியர் ஆற்றங்கரையில், 1941-ல் ஒரு கப்பல் கட்டும் தளம் புதிதாக எழுந்தது. நார்த் கரோலினா ஷிப்பில்டிங் கம்பெனி என்று பெயர், நியூபோர்ட் நியூஸ் நிறுவனத்தின் துணை நிறுவனம். 1946-க்குள் 243 கப்பல்களைக் கட்டி முடித்துவிட்டு மூடிவிட்டார்கள். அதில் 126 ‘லிபர்டி’ வகை. போர்க்காலக் கப்பல் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இந்த லிபர்டிதான். 2,710 கட்டியதால் அப்படி. ஆனால் மயாகுவேஸ் லிபர்டி கிடையாது. இணையத்தில் சிலர் அப்படி எழுதிவைத்திருப்பது தவறு. அது சி-2 வகை, துல்லியமாகச் சொன்னால் சி2-எஸ்-ஏஜே1.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கப்பலின் பிற்கால வாழ்க்கை முழுக்க இதில்தான் நிற்கிறது. லிபர்டி என்பது அவசரத்துக்குச் செய்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கிற வேகத்தைவிட வேகமாகக் கப்பல் கட்ட வேண்டும். அந்த நாளில் நல்ல டர்பைனுக்கும் (நீராவி தள்ளிச் சுழலும் எஞ்சின்), அதன் வேகத்தைக் குறைத்து புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிக்கும் பெரிய தட்டுப்பாடு, கடற்படைதான் முதலில் வாங்கிக்கொள்ளும். அதனால் லிபர்டிக்குள் பழைய காலத்து மூன்று சிலிண்டர் பிஸ்டன் நீராவி எஞ்சினை வைத்தார்கள். 2,500 குதிரைத்திறன், 11 நாட் வேகம், அதாவது மணிக்கு 11 கடல் மைல். ஓரளவு பழகியவன் யாரும் ஓட்டலாம், எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்கலாம். ஆனால் போர் முடிந்தபின் வேகமான கப்பலோடு போட்டி போட முடியாது.

சி-2 வேறு ஜாதி. வணிகக் கப்பல்களைக் கவனித்த அரசு அமைப்பான அமெரிக்க மாரிடைம் கமிஷன் 1930-களின் இறுதியிலேயே, போர் வருவதற்கு முன்பே, நாட்டின் வணிகக் கப்பல் படையைப் புதுப்பிக்கத் தீட்டிய வடிவங்களில் ஒன்று அது. இரண்டு பாய்லர், நீராவி டர்பைன், இரட்டைப் பல்சக்கரக் குறைப்பு, ஒற்றை புரொப்பெல்லர். 6,000 குதிரைத்திறன், பதினைந்தரை நாட். நீளம் 459 அடி, அகலம் 63 அடி. சமாதான காலத்திலும் சம்பாதிக்க வேண்டும் என்று நினைத்து வரைந்த கப்பல் இது. போர் நடுவில் வந்ததால் போர்க்கால எண்ணிக்கையில் கட்டப்பட்டது, அவ்வளவுதான். அதனால்தான் போருக்குப் பிறகு லிபர்டிகள் கிரேக்க, நார்வே, இத்தாலிய முதலாளிகளிடம் மலிவாகப் போனபோது, அமெரிக்கக் கம்பெனிகள் சி-2க்களைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டன. 1946-ல் வந்த வணிகக் கப்பல் விற்பனைச் சட்டம் அதற்கு வழி செய்தது. அரசு கட்டிய கப்பல்களுக்கு விலைக் கணக்கு வைத்து, உள்நாட்டுக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்து விற்றார்கள்.

ஒயிட் ஃபால்கனை வாங்கியது கிரேஸ் லைன். இந்தக் கம்பெனியின் கதையே தனிக் கதை. வில்லியம் ரஸ்ஸல் கிரேஸ் என்ற அயர்லாந்துக்காரர் 1850-களில் பெருவின் கயாவோ துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்ய ஆரம்பித்தார். கடற்பறவை எச்சத்தை உரமாக ஏற்றுமதி செய்த காலம் அது, கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும். பிறகு நியூயார்க் போய், இரண்டு முறை அந்த நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். அவர் தொடங்கிய கம்பெனி அடுத்த நூற்றாண்டில் நியூயார்க்குக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே பிரயாணிக் கப்பலும் சரக்குக் கப்பலும் ஓட்டியது. கப்பல்களுக்கு எல்லாம் ‘சாண்டா’ என்று தொடங்கும் பெயர். சாண்டா ரோசா, சாண்டா பவுலா, அந்த வரிசையில் சாண்டா எலியானா.

பத்து வருடத்துக்கு மேல் அது பழைய முறையில் ஓடியது. இந்தப் பழைய முறை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அப்புறம் நடந்தது புரியும். கப்பலின் ஒவ்வொரு சரக்கு அறைக்கும் மேலே ஒரு ஹாட்ச், அதாவது மூடிபோட்ட திறப்பு. அதன் பக்கத்தில் சரக்கு தூக்கும் டெரிக் கம்பங்கள், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்கள். கரையில் மூட்டை, பெட்டி, பீப்பாய், எந்திர பாகம் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். ஒரு கோஷ்டி அவற்றைக் கயிற்று வலையில் அடுக்கும். வின்ச் தூக்கி உள்ளே இறக்கும். கீழே இருட்டான அறைக்குள் இன்னொரு கோஷ்டி ஒவ்வொன்றாக எடுத்து, கப்பல் ஆடினாலும் நகராதபடி இடுக்குகளில் மரக்கட்டை வைத்து அடுக்கும். அறைக்கு நடுவே இன்னொரு தளம் வேறு உண்டு, கீழ்ச்சரக்கு நசுங்காமல் இருக்க. மழை வந்தால் ஹாட்சை மூட வேண்டும். சாராயப் பெட்டி நான்கு உடையும், அதில் இரண்டு தானாக உடைந்தது கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். கப்பல் கடலில் இருக்கும் நாளுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் துறைமுகத்தில் நிற்கும். நிற்கும் கப்பலுக்கும் சம்பளம், வட்டி, துறைமுகக் கட்டணம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் செலவை ஒரு லாரி முதலாளி கணக்குப் போட்டார். மால்கம் மெக்லீன். அவரும் வட கரோலினாக்காரர்தான், ஒயிட் ஃபால்கன் பிறந்த அதே மாநிலம். 1955-ல் பான்-அட்லாண்டிக் என்ற கப்பல் கம்பெனியை வாங்கினார். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல்-எக்ஸ்’ என்ற கப்பலை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு அனுப்பினார். அந்த ஐடியல்-எக்ஸ்கூடப் போர்க்காலத்தில் கட்டிய எண்ணெய்க் கப்பல், மேலே ஒரு சட்டகம் போட்டு அதன்மேல் பெட்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அப்போது சில்லறைச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆனது. ஐடியல்-எக்ஸில் டன்னுக்கு 16 சென்ட்கூட ஆகவில்லை. கப்பல் உலகத்தில் இதைவிடப் பேர்போன கணக்கு வேறு இல்லை. அடுத்த வருடமே, 1957 அக்டோபரில், ‘கேட்வே சிட்டி’ என்ற சி-2 கப்பலின் வயிற்றை மாற்றி 226 பெட்டிகள் வைக்கும்படி செய்துவிட்டார். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கச் செங்குத்தான இரும்புக் கூண்டுகள், தூக்க கப்பலின்மேலேயே ஓடும் கிரேன்கள்.

ஆக, புதுக் கப்பல் தொழில் பிறந்தது பழைய போர்க்கால உடல்களுக்குள்தான். காரணம் எளிது. சோதனை முயற்சிக்கு யாரும் புதுக் கப்பல் கட்டப் பணம் தர மாட்டார்கள். தேறாவிட்டால் பழைய இரும்பின் விலையோடு போகட்டும் என்று ஒரு சி-2வைத் தரலாம்.

மெக்லீன் ஓட்டியது அமெரிக்கக் கரையோரமாக, உள்நாட்டுக்குள். கிரேஸ் லைன் அதை வெளிநாட்டு வழியில் செய்து பார்க்கலாம் என்று துணிந்தது. சாண்டா எலியானாவையும் அதன் ஜோடி சாண்டா லியோனாரையும் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் ஒரு சரக்குக் கப்பலைக் கன்டெய்னர் கப்பலாக்குவது என்றால் உள்ளே இருப்பதைக் காலி செய்து பெட்டி வைப்பது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பழைய கப்பலில் மேல்தளம் பெரும்பாலும் மூடிய இரும்பு. ஹாட்ச் திறப்பு அதில் சின்னது. கூண்டுக்குள் பெட்டியை நேராக இறக்க வேண்டுமானால் அறையின் முழு அகலத்துக்கும் தளத்தைத் திறக்க வேண்டும், நடுத்தளத்தை வெட்டி எறிய வேண்டும். அப்படி வெட்டினால் கப்பல் பலவீனமாகிவிடும். அலை முன்னும் பின்னும் தூக்கும்போது வளைவைத் தாங்குவதும், பக்கவாட்டில் முறுக்குவதைத் தாங்குவதும் அந்த மேல்தளம்தான். அது போனால் பலத்தை வேறு இடத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல், பெட்டிகளை மேல்தளத்திலும் அடுக்கினால் எடையின் மையம் மேலே ஏறும், கப்பல் சாய்ந்தால் நிமிர்வது மெதுவாகும். இரண்டுக்கும் ஒரே மருந்து, அகலத்தைக் கூட்டுவது. பக்கங்களில் இரும்புப் பெட்டக அமைப்பை ஒட்டி உடலை அகலமாக்கினால் விறைப்பும் கிடைக்கும், நிலைப்பும் கிடைக்கும். கூடவே நடுவில் வெட்டி ஒரு துண்டைச் சேர்த்து நீளமாக்கினார்கள். முடிவில் தளத்துக்குக் கீழே 382, மேலே 94, மொத்தம் 476 பெட்டிகள் பிடிக்கும் கப்பல் வெளியே வந்தது. பெட்டி ஒவ்வொன்றும் 17 அடி நீளம், அலுமினியம்.

பாய்லரும் டர்பைனும் அப்படியே. 1944-ல் வில்மிங்டனில் வைத்த எஞ்சின், புது உடம்புக்குள்ளும் அதே வேலையைச் செய்தது. வெளிநாட்டு வாணிபத்துக்கு என்றே அர்ப்பணித்த முதல் அமெரிக்க முழுக் கன்டெய்னர் கப்பல் என்ற பெருமை சாண்டா எலியானாவுக்குக் கிடைத்தது.

பெருமை அதோடு சரி. 1960 தொடக்கத்தில் அது வெனிசுவேலாவின் லா குவைரா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு பெட்டியைத் தொடவில்லை. அவர்களுக்கு இது என்னவென்று நன்றாகவே தெரிந்துவிட்டது. நூறு பேர் பல நாள் செய்யும் வேலையை ஒரு கிரேன் ஓட்டுநரும் சில ஆட்களும் முடித்துவிடுவார்கள். யார்தான் சும்மா இருப்பார்கள்? பதினெட்டு நாள் கப்பல் சரக்கோடு நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பின் இறக்கினார்கள். ஆனால் இனி இந்த மாதிரிக் கப்பலைத் தொடர்ந்து அனுமதிக்க சங்கம் தயாராக இல்லை.

இந்தப் பதினெட்டு நாளை நான் மே 1975-ஐவிடப் பெரிய சம்பவம் என்று சொல்வேன். சிலருக்கு அது மிகையாகப் படலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கன்டெய்னர் முறையின் சாரமே இரண்டு கரையிலும் ஒரே ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது. ஒரு கரையில் மட்டும் மாற்றினால் லாபம் கிடையாது, நஷ்டம்தான். பெட்டியை இறக்கியதும் அதை இழுத்துப் போக லாரி வேண்டும், அது போக ரோடு வேண்டும், உள்ளூர் வியாபாரி பெட்டி கொள்கிற அளவு மொத்தமாக வாங்க வேண்டும், திரும்பும்போது அதே பெட்டியில் காப்பியோ கோகோவோ ஏற்றி அனுப்ப வேண்டும், சுங்க அதிகாரி பெட்டியைத் துறைமுகத்தில் பிரிக்காமல் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கரையில் வேலை இழப்பவனுக்கு ஏதாவது பதில் வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் 1960-ல் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், எந்திரம் வரட்டும், அதற்குப் பதில் ஓய்வுக்கும் வருமானத்துக்கும் ஒரு நிதி என்று. லா குவைராவில் அப்படிப் பேச கிரேஸ் லைனிடம் எதுவும் இருக்கவில்லை. கப்பல் தயாராக இருந்தது, மீதி ஒன்றும் தயாராக இல்லை. பத்து வருடம் முந்தி வந்த கப்பல் என்று இதைச் சொல்லலாம், ஆனால் அப்படிச் சொன்னால் கம்பெனியின் அசட்டுத் துணிச்சலுக்கு மரியாதை கொடுத்தது மாதிரி ஆகிவிடும். மறுகரையின் சங்கத்தோடு பேசி முடிக்காமல் கப்பலை வெட்டிவிட்டார்கள், அதுதான் நடந்தது.

இப்போது கிரேஸ் லைனிடம் எதற்கும் உதவாத இரண்டு கப்பல்கள். நடுத்தளத்தை வெட்டிவிட்டதால் பழைய மூட்டைச் சரக்குக்கும் திரும்ப முடியாது. கடைசியில் கட்டிப் போட்டார்கள். 1964-ல் வாங்க ஆள் வந்தது. வந்தது வேறு யாருமில்லை, மெக்லீன்தான். அவருடைய கம்பெனிக்கு 1960-லிருந்து சீ-லேண்ட் என்று பெயர்.

பிறர் பணத்தில் வெட்டி, அகலப்படுத்தி, கூண்டு போட்ட கப்பலை மலிவாக எடுப்பது அவருக்குப் பிடித்த வியாபாரம். ஒரே தடை, சீ-லேண்டின் பெட்டி 35 அடி. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கத்து நெடுஞ்சாலைகளில் அந்நாளில் லாரி இழுக்க அனுமதித்த நீளத்தை ஒட்டி அவர் வைத்துக்கொண்ட அளவு அது. 17 அடிக் கூண்டில் 35 அடிப் பெட்டி இறங்காது. அதற்குத் தக்கபடி உள்ளே மாற்ற வேண்டும். அப்போது 20 அடி, 40 அடி என்ற உலக அளவு நிலைபெறவில்லை, ஆளுக்கொரு அளவு வைத்திருந்தார்கள். கொஞ்ச காலம் ‘சீ’ என்ற பெயர். 1965-ல் மயாகுவேஸ்.

அந்தப் பெயர் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவின் மேற்குக் கரைத் துறைமுக நகரத்தின் பெயர். சீ-லேண்டின் பெரிய வருமானம் போர்ட்டோ ரிகோ வழிதான், அதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டியதாக, அமெரிக்கக் கொடி பறப்பதாக இருக்க வேண்டும் என்று 1920-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. போர்ட்டோ ரிகோவும் இந்தக் கணக்கில் வரும். ஜப்பானில் பாதி விலைக்குப் புதுக் கப்பல் கிடைத்தாலும் அந்த வழியில் ஓட்ட முடியாது. அமெரிக்காவில் புதிதாகக் கட்டினால் விலை தாங்காது. மிச்சம் இருப்பது போர்க்காலத்தில் அமெரிக்கத் தளங்களில் கட்டிய பழைய கப்பல்தான். இருபது, முப்பது வயதுக் கப்பல்கள் அமெரிக்கக் கொடியில் அவ்வளவு காலம் ஓடியதன் ரகசியம் இதுவே. வேறு நாட்டில் என்றால் அதற்குள் உடைத்து இரும்பாக்கியிருப்பார்கள்.

பிறகு வியட்நாம். 1965-ல் அமெரிக்கப் படைகள் பெருமளவில் இறங்கியபோது தென் வியட்நாமின் தலைநகரான சைகோனின் துறைமுகம் திணறியது. கப்பல்கள் வெளியே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. இராணுவம் சீ-லேண்டோடு ஒப்பந்தம் போட்டது. 1967-ல் டா நாங்குக்கும், பின்பு காம் ரான் வளைகுடாவுக்கும் கன்டெய்னர் கப்பல்கள் வரத் தொடங்கின. அந்த வருடக் கடைசியில் ‘ஓக்லேண்ட்’ என்ற கப்பல் காம் ரானுக்கு ஒரே நடையில் 609 பெட்டிகள் கொண்டுவந்தது. இராணுவச் சரக்கு அமெரிக்கக் கொடிக் கப்பலில்தான் போக வேண்டும் என்பதும் சட்டம். இப்படி ஆசியாவில் சீ-லேண்டுக்கு ஒரு வலைப்பின்னலே உண்டானது. திரும்பும் கப்பல்கள் ஜப்பானில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும், இராணுவம் இருபக்கமும் காசு கொடுத்துவிட்டதால் அந்தச் சரக்கு முழுக்க லாபம்.

1969-ல் சீ-லேண்டையே ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனி வாங்கிவிட்டது. ஆக 1975-ல் கெமர் ரூஜ் பிடித்தது, சட்டப்படி பார்த்தால், ஒரு புகையிலைக் குழுமத்தின் கிளைக் கம்பெனியின் கப்பல். புதுப் பணம் வந்ததும் எட்டு எஸ்எல்-7 கப்பல்களைக் கட்டினார்கள். 33 நாட் ஓடும் அசுரக் கப்பல்கள், அவையும் நீராவி டர்பைன்தான். 1972, 73-ல் அவை இறங்கின, கையோடு எண்ணெய் விலையும் ஏறியது. அது வேறு சோகம். நமக்குத் தேவையானது இவ்வளவுதான்: பெரிய வழிகளைப் பெரிய கப்பல்கள் எடுத்துக்கொண்டன. மயாகுவேஸ் போன்ற பழைய சி-2க்கள் பெரிய துறைமுகத்திலிருந்து சின்னத் துறைமுகத்துக்குப் பெட்டி பிரித்துக் கொடுக்கும் ஓட்டத்துக்கு ஒதுக்கப்பட்டன. அதனுடைய ஓட்டம் ஹாங்காங், தாய்லாந்தின் சத்தஹீப், சிங்கப்பூர். சத்தஹீப் பக்கத்தில்தான் உ-தபாவ் விமானத் தளம், அமெரிக்க இராணுவச் சரக்கு அங்கே போய்க்கொண்டிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். அது அங்கே போனது ரகசிய வேலைக்கு என்று சிலர் எழுதுவார்கள். அது வழக்கமான நடை. வட வியட்நாம் படையிடம் சைகோன் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது உண்மை. அந்தப் பெட்டிகளுக்குள் என்ன என்று அரசு வெளியிடவில்லை, அதனால் வதந்திக்குக் குறைவில்லை. மே 7 அன்று ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டபோது கப்பலில் 107 பெட்டி சாதாரணச் சரக்கு, 77 பெட்டி அரசு மற்றும் இராணுவச் சரக்கு, 90 காலிப் பெட்டி. மூன்றில் ஒரு பங்கு காலி என்பதைப் பாருங்கள். போர் முடிந்துவிட்டது, ஏற்ற அவ்வளவு சரக்கு இல்லை.

மே 12 மதியம், பூலோ வாய் தீவுகளின் அருகே, கெமர் ரூஜ் படகுகள் சுட்டுக்கொண்டே வந்தன. அமெரிக்கா பழைய கம்போடிய அரசுக்குக் கொடுத்து இவர்கள் கைக்கு வந்த ‘ஸ்விஃப்ட்’ ரோந்துப் படகுகள் அவை. அந்தத் தீவுகள் யாருடையவை என்று கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும் அப்போதே தகராறு. அதற்குச் சில நாள் முன்பு வேறு நாட்டுக் கப்பல்களையும் தடுத்திருந்தார்கள். கேப்டன் சார்லஸ் மில்லர் வேகத்தைக் குறைத்தார், கப்பலுக்கு முன்னால் குறுக்கே ஒரு ராக்கெட் குண்டு பாய்ந்ததும் நிறுத்தினார். ஏறியவர்களின் தலைவன் கம்போடியக் கரையிலுள்ள ரியம் துறைமுகத்துக்கு ஓட்டச் சொன்னபோது, மில்லர் ரேடார் வேலை செய்யவில்லை என்றும், பாறையில் மோதி மூழ்கிவிடும் என்றும் கைஜாடையால் நடித்துக் காட்டினார். மொழி தெரியாத அந்தத் துப்பாக்கிக்காரர்கள் அதை நம்பி அன்றிரவு கப்பலைத் தீவருகிலேயே நிறுத்திவைத்தார்கள். அவர் கில்லாடி. கப்பல் ரியமுக்குப் போயிருந்தால் மீட்பது இன்னும் கஷ்டம். இதற்கிடையே ரேடியோவில் போன அபயக் குரலை ஜகார்த்தாவில் ஒரு எண்ணெய்த் தேடல் கம்பெனி ஊழியர் கேட்டு, தூதரகத்துக்குச் சொன்னார்.

அடுத்த நாள் கப்பலை கோ டாங் தீவருகே கொண்டுபோனார்கள். மாலுமிகளை இறக்கி, 14-ஆம் தேதி ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகில் கம்போடியத் துறைமுகமான கொம்பொங் சோம் பக்கம் கொண்டுபோனார்கள், பிறகு வேறொரு தீவுக்கு. வாஷிங்டனுக்கு இது சரியாகத் தெரியவில்லை. அதிபர் ஃபோர்டுக்கு 1968-ல் வட கொரியா ‘புவேப்லோ’ என்ற அமெரிக்க உளவுக் கப்பலைப் பிடித்து மாலுமிகளை ஒரு வருடம் போல வைத்திருந்தது கண்முன் நின்றது, இரண்டு வாரம் முன்பு சைகோன் விழுந்ததும் நின்றது. மே 15 காலை மரீன்கள், அதாவது கடல்வழி வந்து தரையில் சண்டைபோடும் அமெரிக்கப் படையினர், கோ டாங்கில் இறங்கினார்கள். மாலுமிகள் அங்கே இல்லவே இல்லை, இருந்தது நன்றாகப் பதுங்கித் தயாராக நின்ற கெமர் ரூஜ் படை. ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த நேரத்தில் கெமர் ரூஜ் கப்பலை விடுவதாக வானொலியில் அறிவித்துவிட்டது. மாலுமிகள் அதே மீன்பிடிப் படகில் வெள்ளைத் துணி காட்டிக்கொண்டு வந்து ‘ஹென்றி பி. வில்சன்’ என்ற போர்க்கப்பலை அடைந்தார்கள். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அமெரிக்கப் பக்கம் இறந்தவர்கள் 41 பேர். அதில் 23 பேர் சண்டைக்கே போகவில்லை, 13-ஆம் தேதி தாய்லாந்துக்குள் படை நகர்த்தும்போது ஒரு ஹெலிகாப்டர் விழுந்து இறந்தவர்கள். இருட்டில் திரும்பும்போது மூன்று மரீன்கள் தீவிலேயே விடப்பட்டார்கள். வாஷிங்டனின் வியட்நாம் நினைவுச் சுவரில் கடைசியாக இருப்பவை இந்தச் சம்பவத்தின் பெயர்களே.

இதையெல்லாம் எழுதுகிறவர்கள் கப்பலை மறந்துவிடுவார்கள். நான் அதில் ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். அதே காலை, ‘ஹெரால்ட் இ. ஹோல்ட்’ என்ற போர்க்கப்பல் மயாகுவேஸின் பக்கவாட்டில் வந்து ஒட்டி நின்றது. முன்னதாக விமானங்கள் கண்ணீர்ப் புகை வீசியிருந்தன. மரீன்கள் முகமூடியோடு தாண்டிக் குதித்தார்கள். ஒருவரும் இல்லை. கன்டெய்னர்கள் அப்படியே இருந்தன. கப்பல் செத்துக் கிடந்தது. நீராவிக் கப்பல் ‘செத்தது’ என்றால் அதற்குக் குறிப்பான அர்த்தம் உண்டு. டீசல் எஞ்சினை அழுத்தக் காற்று இருந்தால் சில நிமிடத்தில் கிளப்பலாம். பாய்லர் ஆறிவிட்டால் அப்படி முடியாது. அதில் எரிக்கும் எண்ணெய் கெட்டி, அதைச் சூடாக்கினால்தான் பர்னர் வழியே தூவும். சூடாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு நெருப்பு வேண்டும். தண்ணீர் ஊட்டும் பம்புக்கும் காற்று ஊதும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும், மின்சார டர்பைனுக்கும் நீராவியே வேண்டும். ஒரு சின்ன அவசர ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு, லேசான எண்ணெயில் தொடங்கி, குழாய்கள் வெடிக்காதபடி மெதுவாகச் சூடேற்றி, படிப்படியாக ஒவ்வொரு எந்திரத்தையும் எழுப்ப வேண்டும். மணிக்கணக்காகும்.

மரீன்களுக்கு இது தெரியாது. அதனால் கூடவே பாய்லர் தெரிந்த ஆறு வணிகக் கப்பல் ஆட்களையும் அழைத்து வந்திருந்தார்கள், தாமாக முன்வந்தவர்கள். அவர்கள் வந்தது ‘கிரீன்வில் விக்டரி’ என்ற கப்பலிலிருந்து, அதுவும் 1944-ல் கட்டிய போர்க்காலக் கப்பல்தான். முப்பது வருடப் பழைய பாய்லரை எழுப்ப அதே தலைமுறைப் பாய்லரோடு பழகிய கைகள் தேவைப்பட்டன. அதுவரைக்கும் ஹோல்ட் கயிறு கட்டி இழுத்தது. பிறகு மயாகுவேஸின் சொந்த மாலுமிகளே வில்சனிலிருந்து திரும்பி ஏறி, கப்பலை ஓட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனார்கள். மாலுமிகளில் சிலர் பின்னர், எச்சரிக்கை இல்லாமல் ஆபத்தான கடலுக்குள் கொண்டுபோனதாகக் கம்பெனிமேல் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்தான் உண்டு. கப்பல் சேதமில்லாமல் தப்பித்தது, ஆனால் தப்பித்து என்ன பயன்? எண்ணெய் விலை 1973-க்கு முன்பு இருந்ததைப் போலப் பல மடங்கு. அதே சரக்கைச் சுமக்க டீசலைவிட நீராவி டர்பைன் அதிகம் எரிக்கும். 35 அடிப் பெட்டிக்கு உலகில் இடமில்லை, 20-ம் 40-ம் நிலைத்துவிட்டன. வியட்நாம் சரக்கு ஓய்ந்துவிட்டது. 1979-ல் உடைக்க அனுப்பிவிட்டார்கள். பிரபலமான கப்பல் என்று யாரும் அதை அருங்காட்சியகமாக வைக்க யோசிக்கவில்லை. வைத்திருந்தால் நான் பார்க்கச் சொல்வது கன்டெய்னர் கூண்டை, மரீன்கள் ஏறிய பக்கத்தை அல்ல.

இந்தத் தலைமுறைக் கப்பலை உயிரோடு பார்க்க ஆசை என்றால், சி-2 கிடைக்காது, உறவுக்காரர்கள் கிடைப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ‘ஜெரமையா ஓ’பிரையன்’ என்ற லிபர்டி இன்னும் சொந்த நீராவியில் ஓடுகிறது. ஃபுளோரிடாவின் டாம்பாவில் ‘அமெரிக்கன் விக்டரி’, லிபர்டிக்கு அடுத்து வந்த ‘விக்டரி’ வகைக் கப்பல். கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தில் ‘ஹெல்லாஸ் லிபர்டி’ அருங்காட்சியகமாக நிற்கிறது. மயாகுவேஸின் டர்பைன் அறைக்கு இவற்றில் கிட்ட வருவது டாம்பாக் கப்பல்தான், ஏனென்றால் விக்டரி வகையிலும் டர்பைன். ஜெரமையா ஓ’பிரையனில் நீங்கள் பார்ப்பது அந்த மூன்று சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின்.